ஜிபிஎஸ் கிளாக்கில் அலாரம் அடித்தால்: எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது

துணைமின் நிலையமோ, டெலிகாம் அறையோ, டேட்டா சென்டரோ, ரேக்கில் ஒரு ஜிபிஎஸ் கிளாக் இருக்கும். சாட்டிலைட்டிலிருந்து துல்லியமான நேரத்தை வாங்கி மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் பெட்டி அது. மொட்டைமாடியில் ஆன்டெனா, கீழே ரிசீவர், அதற்குள் சீரான துடிப்பைத் தரும் ஒரு ஆசிலேட்டர், பின்பக்கம் நெட்வொர்க் வழியாக நேரம் அனுப்பும் என்டிபி, பிடிபி, தனி வயரில் நேரக் குறியீடு அனுப்பும் ஐரிக்-பி, நொடிக்கு ஒரு பல்ஸ் தரும் 1 பிபிஎஸ் என்று வெளியீடுகள். அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் எந்த வரிசையில் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனிக்குக் கம்பெனி விளக்கின் பெயரும் நிறமும் மாறும். தேடும் வரிசை மாறாது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். அலாரத்தைப் பார்த்ததும் பவரை அணைத்துப் போடுகிறார்கள். கம்ப்யூட்டரில் பழகிய வைத்தியம் அது. ஜிபிஎஸ் கிளாக்கில் அதனால் கெடுதல்தான் அதிகம்.

1. போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

மேனுவல். முக்கியமாக விளக்குகளின் பொருளும் அலாரம் பட்டியலும் உள்ள பக்கங்கள். ஒரு பெட்டியில் பச்சை மினுமினுத்தால் "சாட்டிலைட்டைத் தேடுகிறேன்" என்று பொருள். இன்னொன்றில் அதே மினுமினுப்பு "எல்லாம் சரி, நொடிக்கு ஒரு பல்ஸ் போகிறது" என்று பொருள். ஊகித்தால் பாதி நாள் வீண்.

லாகின் பாஸ்வேர்டு. நிறுவியவரோடு பாஸ்வேர்டும் போய்விட்ட பெட்டிகள் ஏராளம். அலாரம் வந்த இரவில் அதைத் தேட வேண்டியிருக்கக் கூடாது.

மல்டிமீட்டர், கனெக்டருக்கு ஏற்ற ஸ்பேனர், செல்ஃப் ஃப்யூசிங் டேப். இவற்றோடு ஒரு ஸ்பேர் ஆன்டெனாவும் 10 மீட்டர் கேபிளும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஜன்னலுக்கு வெளியே அந்த ஆன்டெனாவை வைத்து ரிசீவரில் நேரடியாகச் செருகினால், கோளாறு மாடியிலா பெட்டிக்குள்ளா என்பது ஒரே சோதனையில் தெரிந்துவிடும்.

நல்ல நாளில் எடுத்த குறிப்பு. அலாரம் எதுவும் இல்லாதபோது எத்தனை சாட்டிலைட் தெரிந்தது, சிக்னல் அளவு என்ன, ஆன்டெனா எவ்வளவு கரண்ட் எடுத்தது, ஆசிலேட்டரின் கண்ட்ரோல் வோல்டேஜ் (அதைத் திருத்தும் வோல்டேஜ்) எவ்வளவு: இந்த நான்கும் ஒரு தாளில் இருக்கட்டும். இல்லையென்றால் இன்று பார்க்கும் எண் நல்லதா கெட்டதா என்று சொல்ல வழியில்லை.

இடி மின்னல் இருக்கும்போது மாடிக்குப் போகவே வேண்டாம், ஆன்டெனா கேபிளையும் தொட வேண்டாம். கிளாக் தற்காலிகமாகத் தாங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் உள்ளே ஆசிலேட்டர் இருக்கிறது.

2. தொடும் முன் எழுதி வையுங்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்

எல்லா விளக்குகளும் தெரியும்படி முன்பக்கத்தை ஒரு போட்டோ எடுங்கள். மினுமினுக்கும் விளக்கு இருந்தால் பத்து நொடி வீடியோ. அடுத்து நிலைப் பக்கத்தைத் திறந்து சாட்டிலைட் எண்ணிக்கை, லாக் நிலை (சாட்டிலைட் நேரத்தைப் பிடித்திருக்கிறதா), ஹோல்டோவரில் (சாட்டிலைட் இல்லாமல் ஆசிலேட்டரை நம்பி ஓடும் நிலையில்) எவ்வளவு நேரமாக இருக்கிறது, ஆன்டெனா நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக லாக் ஃபைலை, அதாவது நிகழ்வுகளின் பதிவை, இறக்கி லேப்டாப்பில் சேமியுங்கள். சில பெட்டிகளில் இந்த ஃபைல் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். பவர் போனால் அதுவும் போகும்.

ரீஸ்டார்ட் ஏன் கூடாது? நல்ல கிளாக் சாட்டிலைட்டை இழந்ததும் ஹோல்டோவருக்குப் போகும். அதாவது இவ்வளவு நாள் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்த ஆசிலேட்டரைக் கடைசித் திருத்தத்தோடு அப்படியே ஓட விடும். பல நாள் லாக்கில் இருந்த ஆசிலேட்டரின் திருத்தம் மிகத் துல்லியமாக இருக்கும். ஆகவே சிவப்பு விளக்கு எரிந்தாலும் அந்த நிமிடத்தில் வெளியே போகும் நேரம் பெரும்பாலும் சரியானதுதான்.

பவரை அணைத்துப் போட்டால் அந்தத் திருத்தம் வீணாகும். ஓசிஎக்ஸ்ஓ எனப்படும் அடுப்பு வைத்த படிக ஆசிலேட்டர் குளிர்ந்து மறுபடியும் சூடேற வேண்டும். ரிசீவர் சாட்டிலைட்டை முதலிலிருந்து தேடும். சில மாடல்கள் ஆன்டெனாவின் இருப்பிடத்தை அளக்கும் சர்வேயையும் மறுபடி தொடங்கும். ஆன்டெனா கேபிள் அறுந்திருந்தால் இந்தத் தேடல் முடியவே முடியாது. மைக்ரோ நொடித் துல்லியத்தில் ஓடிய பெட்டி, நேரமே தெரியாத பெட்டியாகிவிடும். கீழே இருக்கும், அதாவது கிளாக்கிலிருந்து நேரம் வாங்கும், பாதுகாப்பு ரிலேக்களும் சர்வர்களும் அப்போதுதான் உண்மையில் பாதிக்கப்படும்.

உற்பத்தியாளர் கேட்டால், அல்லது நிலைப் பக்கமே திறக்காமல் பெட்டி உறைந்து கிடந்தால், அப்போது ரீஸ்டார்ட் செய்யலாம். அதுவும் நேரத்தைப் பயன்படுத்துகிற பிரிவுக்குச் சொல்லிவிட்டு.

3. விளக்கு இப்போதைய நிலையைச் சொல்கிறதா, பழைய கதையையா

பல கிளாக்குகளில் அலாரம் விளக்கு ஒருமுறை எரிந்தால், யாராவது ஒப்புக்கொண்டு அழிக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். கோளாறு போன வாரமே சரியாகியிருக்கலாம். அதனால் "அலாரம்" விளக்கை மட்டும் நம்பாமல் "லாக்" அல்லது "சிங்க்" விளக்கையும் சேர்த்துப் பாருங்கள். லாக் பச்சை, அலாரம் சிவப்பு என்றால் பழைய நிகழ்வாகவோ, பவர் சப்ளை போன்ற வேறு காரணமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். லாக் விளக்கும் போயிருந்தால் நடப்புக் கோளாறு.

அலாரத்தை அழிப்பது கடைசி வேலை. காரணத்தைப் படிக்காமல் அழித்தால் சில மாடல்களில் அது எப்போது வந்தது என்ற குறிப்பும் சேர்ந்து போய்விடும்.

தொலைவிலிருந்து கண்காணிக்கும் ஸ்காடாவில் மட்டும் அலாரம், பெட்டியில் எல்லாம் பச்சை என்றால் ரிலே கான்டாக்ட் வயரிங்கைப் பாருங்கள். கிளாக்கின் அலாரம் ரிலே பொதுவாகப் பெட்டி நலமாக இருக்கும்போது எனர்ஜைஸ் ஆகி இருக்கும். பவர் போனாலும் விழுந்து அலாரம் கொடுக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இது தெரியாமல் என்ஓ (சாதாரணமாகத் திறந்தது), என்சி (சாதாரணமாக மூடியது) முனைகளை மாற்றி இணைத்தால் நல்ல நிலையில் அலாரமும், கோளாறில் அமைதியும் கிடைக்கும். அமைதியாக இருக்கும் ஸ்காடாவை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதனால் நிறுவும்போதே ஒருமுறை பவரை எடுத்து ஸ்காடாவில் அலாரம் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

4. எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

ஹோல்டோவர் அலாரம் வந்தால் இரவோடு இரவாக மாடி ஏற வேண்டுமா, காலையில் போகலாமா? இதை முடிவு செய்ய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாளில் 86,400 நொடிகள். ஆசிலேட்டர் நூறு கோடியில் ஒரு பங்கு தவறாக ஓடினால் ஒரு நாளில் 86.4 மைக்ரோ நொடி பிழை சேரும். அதைவிடப் பத்து மடங்கு நல்லதென்றால் 8.6 மைக்ரோ நொடி. பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறும் சாதாரணப் படிகம் என்றால் 86 மில்லி நொடி.

அடுத்து, கீழே இருப்பவருக்கு என்ன தேவை என்று பாருங்கள். துணைமின் நிலையத்தில் நிகழ்வுகளைப் பதிய 1 மில்லி நொடி போதும். மின் அலையின் நிலையை (சிங்க்ரோஃபேசர்) அளக்கும் பிஎம்யூ கருவிக்கு 50 ஹெர்ட்ஸில் சுமார் 32 மைக்ரோ நொடிப் பிழையே அனுமதிக்கப்பட்ட 1 சதவீதத்தை முழுவதும் தின்றுவிடும். டிடிடி முறையில் (ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பியும் வாங்கியும்) ஓடும் மொபைல் கோபுரங்களுக்கு ±1.5 மைக்ரோ நொடி. அதே ஹோல்டோவர் அலாரம் முதலாமவருக்கு நாளை காலை வேலை. கடைசியில் சொன்னவருக்கு உடனடி வேலை.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு, அலாரத்துக்கு முன் கிளாக் பல நாள் லாக்கில் இருந்தால்தான் பொருந்தும். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் ஆன் செய்த பெட்டி ஹோல்டோவருக்குப் போனால் டேட்டாஷீட்டில் உள்ள எண்ணை எதிர்பார்க்காதீர்கள். அறையின் ஏசி நின்றிருந்தாலும் அப்படித்தான்.

5. ஆன்டெனா ஓபன், ஆன்டெனா ஷார்ட்

களத்தில் அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். மாடியில் இருக்கும் ஆன்டெனாவுக்குள் ஒரு பெருக்கி இருக்கிறது. அதற்கான டிசி சப்ளை அதே கேபிள் வழியாக ரிசீவரிலிருந்து மேலே போகிறது. பெரும்பாலும் 5 வோல்ட், 3.3, 12 வோல்ட் மாடல்களும் உண்டு. ரிசீவர் அந்தக் கரண்டை அளக்கிறது. மிகக் குறைவென்றால் "ஓபன்", மிக அதிகமென்றால் "ஷார்ட்". அதற்குமேல் இந்த அலாரத்துக்கு எதுவும் தெரியாது. சிக்னல் நன்றாக இருக்கிறதா என்பதும் தெரியாது.

முதல் கேள்வி: ஓபன் அலாரம் இருக்கும்போது சாட்டிலைட்டுகள் தெரிகின்றனவா? எட்டு, பத்து சாட்டிலைட் நல்ல சிக்னலோடு தெரிந்தால் ஆன்டெனாவைத் தொடாதீர்கள். அந்த ஆன்டெனாவை ஸ்ப்ளிட்டர் வைத்து இரண்டு கிளாக்குகள் பகிர்ந்துகொண்டிருக்கும். ஸ்ப்ளிட்டரின் ஒரு வழி மட்டும் டிசியை விடும், மற்றது தடுக்கும். தடுக்கப்பட்ட பெட்டி கரண்ட் போகவில்லை என்று அலறுகிறது. அந்த முனையில் டிசி லோடு உள்ள ஸ்ப்ளிட்டரைப் போடுவதுதான் தீர்வு. 5 வோல்ட்டில் 200 ஓம் லோடு 25 மில்லி ஆம்பியர் எடுக்கும்; பல ரிசீவர்களுக்கு அது போதும். அப்படிச் செய்ய முடியாவிட்டால் மென்பொருளில் அந்த அலாரத்தை மட்டும் அணைத்து, ஏன் அணைத்தோம் என்று பெட்டியிலேயே ஒரு லேபிள் ஒட்டுங்கள்.

சாட்டிலைட் எதுவும் இல்லை, ஓபன் அலாரமும் இருக்கிறது என்றால் இந்த வரிசை:

முதலில் ரிசீவரிலிருந்து கேபிளைக் கழற்றி, ரிசீவரின் கனெக்டரில் நடு முனைக்கும் வெளி உறைக்கும் இடையே டிசி வோல்டேஜ் பாருங்கள். மல்டிமீட்டர் முனை இரண்டையும் ஒன்றாகத் தொட்டுவிடாமல் கவனம். வோல்டேஜ் இல்லையென்றால் கோளாறு பெட்டிக்குள். மாடி ஏற வேண்டியதில்லை.

வோல்டேஜ் இருந்தால் கேபிளை மறுபடி மாட்டி, மாடியில் ஆன்டெனா முனையைக் கழற்றி அங்கே அளங்கள். அங்கும் ஏறத்தாழ அதே வோல்டேஜ் என்றால் கேபிள் டிசியை விடுகிறது. ஆன்டெனாதான் கரண்ட் எடுக்கவில்லை. மாற்றுங்கள். அங்கே பூஜ்யம் என்றால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளின் நடுவில் இருக்கும் மின்னல் தடுப்பான், அதாவது லைட்னிங் அரெஸ்டர். அண்மையில் யாராவது அதை மாற்றியிருந்தால், டிசியை விடாத வகையைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடையில் இரண்டு வகையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

ஷார்ட் அலாரத்துக்கு மீட்டர்கூடத் தேவையில்லை, அந்த அலாரத்தையே மீட்டராக்கலாம். ரிசீவரில் கேபிளைக் கழற்றுங்கள். அலாரம் "ஓபன்" என்று மாறினால் பெட்டி நலம். மாறாமல் ஷார்ட்டாகவே நின்றால் பெட்டியின் ஆன்டெனா போர்ட் போய்விட்டது. பெட்டி நலமென்றால் கேபிளை மாட்டி, மாடியில் ஆன்டெனாவை மட்டும் கழற்றுங்கள். இப்போது ஓபன் என்றால் ஷார்ட் ஆன்டெனாவில். இன்னும் ஷார்ட் என்றால் கேபிளிலோ அரெஸ்டரிலோ. ஏற்கெனவே ஹோல்டோவரில் இருக்கும் பெட்டியில் இப்படிக் கழற்றுவதால் புதிதாக இழப்பு ஒன்றும் இல்லை.

6. ஆன்டெனா "சரி" என்கிறது, சாட்டிலைட் மட்டும் இல்லை

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த நிலைதான். கேபிளுக்குள் தண்ணீர் புகுந்தால் டிசி தாராளமாகப் போகும், ஆன்டெனா விளக்கு பச்சையாகவே இருக்கும். ஆனால் ஜிபிஎஸ் எல்1 சிக்னலின் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், நனைந்த கேபிள் அதை விழுங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் சிக்னல் அளவு வாரத்துக்கு வாரம் இறங்கி, கடைசியில் லாக் போகிறது என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

மாடியில் கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். நடு முனையில் பச்சை படிந்திருக்கிறதா? உறையைக் கொஞ்சம் சீவினால் செம்புப் பின்னல் பளபளப்பாக இருக்கிறதா, கறுத்திருக்கிறதா? கறுத்திருந்தால் கனெக்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. தண்ணீர் பின்னல் வழியாகவே பல மீட்டர் இறங்கியிருக்கும். செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டுங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் புதுக் கேபிள்தான். மாட்டியபின் செல்ஃப் ஃப்யூசிங் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், கூரை ஓடு அடுக்குகிற மாதிரி. மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சிக்னல் அளவைப் படிக்கும் முறை இது: ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் டெசிபல்-ஹெர்ட்ஸில் ஒரு எண் இருக்கும். உயரத்தில் இருக்கும் சாட்டிலைட்டுகளுக்கு 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. எல்லாமே 30-க்குக் கீழ் என்றால் கேபிள், கனெக்டர், ஆன்டெனா மூன்றில் ஒன்று. சில நன்றாகவும், ஒரு திசையில் உள்ளவை மட்டும் காணாமலும் இருந்தால் மறைப்பு: புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல், பக்கத்துக் கட்டடம்.

புதிதாக நிறுவிய இடத்தில் எல்லா எண்ணும் குறைவு என்றால் கேபிள் வகையைப் பாருங்கள். ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு முக்கால் டெசிபல் அளவுக்கு இழக்கும். 60 மீட்டர் ஓட்டினால் 45 டெசிபல். ஆன்டெனாவின் பெருக்கி கொடுப்பது அத்தனையும் கேபிளிலேயே தீர்ந்துவிடும். எல்எம்ஆர்-400 வகையில் அதே 60 மீட்டருக்குச் சுமார் 10 டெசிபல்தான்.

நேரத்துக்கு நேரம் லாக் போய் வருகிறது என்றால் லாக் ஃபைலில் நேரங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். உதாரணமாக, திங்கள் 02:14, செவ்வாய் 02:10, புதன் 02:06 என்று வந்தால் இது வானம் சம்பந்தப்பட்டது. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகளின் அமைப்பு தினமும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாகத் திரும்ப வரும். ஆகவே தினமும் நான்கு நிமிடம் முந்தும் அலாரம் என்றால் ஏதோ ஒரு மறைப்பு, குறிப்பிட்ட அமைப்பின்போது போதிய சாட்டிலைட் கிடைக்காமல் செய்கிறது. ஆன்டெனாவை நகர்த்துங்கள். தினமும் சரியாக 02:14 என்றே வந்தால் மனிதர்களின் கடிகாரத்தைப் பின்பற்றும் ஏதோ ஒன்று: பக்கத்தில் ஆன் ஆகும் ஒரு டிரான்ஸ்மிட்டர், அல்லது அந்நேரம் வரும் ஒரு வண்டி. இந்த ஒரு பட்டியலைப் போட்டாலே பல நாள் அலைச்சல் மிச்சம்.

தென்தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே போகிறது. நடுக்கோட்டுப் பகுதிகளில் சூரியன் மறைந்தபின் அயனமண்டலம் கலங்கி சிக்னல் வேகமாக ஏறி இறங்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், சூரியச் செயல்பாடு அதிகமான ஆண்டுகளில் இது கூடுதலாக இருக்கும். இரவு எட்டு மணி வாக்கில் சில சாட்டிலைட்டுகளின் எண் மட்டும் தாறுமாறாக ஆடி, நள்ளிரவுக்குள் சரியானால் கேபிளை வெட்ட வேண்டாம். நல்ல ஹோல்டோவர் உள்ள கிளாக் அதைத் தாண்டிவிடும்.

ஆன்டெனாவோ கேபிளோ மாற்றியபின் பொறுமை வேண்டும். ஜிபிஎஸ்ஸின் முழுத் தகவல் தொகுப்பு ஒருமுறை வந்து முடியவே 12.5 நிமிடம் ஆகும். நீண்ட நேரம் அணைந்திருந்த ரிசீவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் லாக் வரவில்லை என்று மறுபடி கழற்றினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

7. லாக் பச்சை, நேரம் மட்டும் தப்பு

இங்கே பிழையின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். அதனால் "நேரம் தப்பாக இருக்கிறது" என்று குறிக்காமல், எத்தனை நொடி, முன்னாலா பின்னாலா என்று எழுதுங்கள்.

18 நொடி முன்னால்: பெட்டி உலகப் பொது நேரமான யுடிசிக்குப் பதிலாக ஜிபிஎஸ் நேரத்தையே வெளியே விடுகிறது. 2017 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் இடையே 18 நொடி. செட்டிங்கில் நேர அளவுகோலை மாற்றுங்கள்.

37 நொடி: பிடிபி வழியாக நேரம் வாங்கும் கருவியில் பாருங்கள். பிடிபி, டிஏஐ எனப்படும் அணுக்கடிகார நேர அளவில் ஓடுகிறது. யுடிசிக்கும் அதற்கும் இப்போது 37 நொடி. கிளாக் அந்த வித்தியாசத்தை அனுப்பவில்லை, அல்லது வாங்கும் கருவி அதைக் கழிக்கவில்லை.

ஓரிரு நொடி, அதுவும் ஆன் செய்த கொஞ்ச நேரம் மட்டும்: பழைய ஃபர்ம்வேரில் பழைய லீப் செகண்ட் எண் (யுடிசியில் அவ்வப்போது சேர்த்த நொடிகளின் கணக்கு) பதிந்திருக்கிறது. சாட்டிலைட்டிலிருந்து புது எண் வந்ததும் நேரம் குதித்துச் சரியாகும். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்வரை, அந்தப் பெட்டி ஆன் ஆனதும் வெளியீட்டை நம்பாதீர்கள்.

5 மணி 30 நிமிடம்: யுடிசி, இந்திய நேரம் குழப்பம். 11 மணி நேரம் யுடிசியைவிட முன்னால் என்றால் கிளாக்கும் ஐந்தரை சேர்க்கிறது, ரிலேயும் ஐந்தரை சேர்க்கிறது. ஒரு இடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். என்டிபி எப்போதும் யுடிசிதான்; ஐரிக்-பி தான் எப்படி வேண்டுமானாலும் செட் செய்யக்கூடியது. எது உள்ளூர் நேரம், எது யுடிசி என்பதை அந்தந்த போர்ட்டின் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

மணி நிமிடம் சரி, தேதி மட்டும் சுமார் 19.6 ஆண்டு பின்னால்: வார எண் சுற்றிவிட்டது. ஜிபிஎஸ்ஸின் பழைய சிக்னலில் வார எண் 0 முதல் 1023 வரைதான் எண்ணும். அது 2019 ஏப்ரலில் ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பியது. ஆனால் சில ரிசீவர்கள் தங்கள் ஃபர்ம்வேர் எழுதிய தேதியிலிருந்து 1024 வாரம் எண்ணுவதால் வேறு எந்த நாளிலும் இது வரலாம். ஆன்டெனாவில் எதையும் தேடாதீர்கள். ஃபர்ம்வேர் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான்.

மைக்ரோ நொடி அளவில் நிலையான பிழை: கேபிள் தாமதமும் இருப்பிடமும். கேபிளில் மீட்டருக்கு 4 முதல் 5 நானோ நொடி தாமதம். 60 மீட்டருக்கு 300 நானோ நொடி வரை. கேபிளை மாற்றினால் இந்த எண்ணையும் மாற்றுங்கள். ஆன்டெனாவை வேறு கட்டடத்துக்கு நகர்த்திவிட்டுப் பழைய இருப்பிடத்தையே வைத்திருந்தால், 300 மீட்டர் தவறு 1 மைக்ரோ நொடி வரை பிழை தரும். சர்வேயை மறுபடி ஓட விடுங்கள்.

சில நேரம் கோளாறு உங்களிடம் இருக்காது. 2016 ஜனவரி 26 அன்று ஒரு ஜிபிஎஸ் சாட்டிலைட்டைச் சேவையிலிருந்து நீக்கியபோது, மற்ற பல சாட்டிலைட்டுகள் 13.7 மைக்ரோ நொடி தவறான யுடிசி திருத்தத்தை அனுப்பின. உலகம் முழுக்க டெலிகாம் கிளாக்குகள் அலாரம் கொடுத்தன. ஆகவே நேரப் பிழை திடீரென்று வந்தால் கையில் ஸ்பேனர் எடுக்கும் முன் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டு, அங்கேயும் அதே நிமிடத்தில் வந்ததா என்று கேளுங்கள்.

8. கிளாக் பச்சை, கீழே இருக்கும் கருவி சிவப்பு

ஐரிக்-பி: ரிலே நேரம் வாங்கவில்லை என்றால் முதலில் வகையைப் பாருங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஏற்றி அனுப்பும் வகை ஒன்று, நேரடி டிசி பல்ஸ் வகை இன்னொன்று. ஒன்றுக்குச் செட் செய்த ரிலே மற்றொன்றைப் படிக்காது. வகை சரி, ஆனால் சில ரிலேக்கள் மட்டும் விட்டுவிட்டு வாங்குகின்றன என்றால் ஒரே வெளியீட்டில் அளவுக்கு அதிகமாக மாட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் கழற்றி, ஒன்றை மட்டும் மாட்டி, பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்த எண்ணிக்கையில் விழுகிறது என்று தெரியும். நேரம் சரி, ஆண்டு மட்டும் தப்பு என்றால் ஆண்டை அனுப்பும் நீட்டிப்பு கிளாக்கில் ஆன் ஆகவில்லை.

என்டிபி: சர்வரில் பியர் பட்டியலை, அதாவது அது நேரம் கேட்கும் மூலங்களின் பட்டியலைப் பாருங்கள். "ரீச்" எண் 377 என்றால் கடைசி எட்டு முறையும் பதில் வந்தது. 0 என்றால் நெட்வொர்க் அல்லது யுடிபி 123 போர்ட்டை அடைத்த ஃபயர்வால். கிளாக்கைத் திட்ட வேண்டாம். ரீச் நன்றாக இருந்தும் அந்தக் கிளாக்கைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் அதன் ஸ்ட்ரேட்டம் (நேர ஆதாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்ற எண்) 16 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். "என் நேரம் நம்பத்தக்கதல்ல" என்று கிளாக்கே சொல்கிறது. இன்னொரு பொறி: இரண்டே கிளாக்குகளை வைத்திருந்து இரண்டும் வேறுபட்டால், எது சரி என்று சர்வரால் தீர்மானிக்க முடியாது. குறைந்தது மூன்று மூலங்கள் வேண்டும். சர்வரின் நேரம் 1000 நொடிக்கு மேல் தள்ளியிருந்தால் வழக்கமான என்டிபி சேவை திருத்தாமல் நின்றே போகும். அப்போது ஒருமுறை கையால் நேரத்தை வைத்துவிட்டுச் சேவையைத் தொடங்க வேண்டும்.

பிடிபி: கிளாக் கிளாஸ் எண்ணைப் படியுங்கள். 6 என்றால் ஜிபிஎஸ்ஸில் லாக். 7 என்றால் ஹோல்டோவர், ஆனால் இன்னும் வரம்புக்குள். 248 என்றால் நேர ஆதாரமே இல்லை. எண் 6 ஆக இருந்தும் கருவி லாக் ஆகவில்லை என்றால் டொமைன் எண், விலான், தாமதம் அளக்கும் முறை மூன்றும் இருபுறமும் ஒன்றா என்று பாருங்கள். ஒருபுறம் எண்ட் டு எண்ட், மறுபுறம் பியர் டு பியர் என்று இருந்தால், கருவி கிளாக்கைப் பார்க்கும், ஆனால் என்றைக்கும் லாக் ஆகாது.

9. பவரும் ஆசிலேட்டரும்

இரட்டைப் பவர் சப்ளை உள்ள பெட்டியில் ஒன்றை மட்டும் இணைத்திருந்தால் அலாரம் நிரந்தரமாக இருக்கும். இரண்டாவதையும் இணையுங்கள். இணைக்க வழியில்லையென்றால் அந்த அலாரத்தை மட்டும் அணையுங்கள். எப்போதும் சிவப்பாக இருக்கும் பெட்டியில் புதுக் கோளாறு வந்தால் யார் கண்ணிலும் படாது.

ஆசிலேட்டர் அலாரம் பெரும்பாலும் கண்ட்ரோல் வோல்டேஜ் எல்லையை நெருங்குகிறது என்பதற்கானது. படிகம் வயதாக ஆக அதன் அலைவரிசை நகரும். கிளாக் அதை இழுத்துப் பிடிக்க வோல்டேஜை மாற்றிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் இழுக்க இடம் இருக்காது. மாதம் ஒருமுறை இந்த எண்ணைக் குறித்து வந்தால் எப்போது மாற்ற வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். எண் திடீரென்று தாவியிருந்தால் வயது காரணமில்லை. ஃபேன் நின்றதா, ரேக்குக்குள் சூடு ஏறியதா என்று பாருங்கள்.

10. அலாரத்தை அழிக்கும் முன்

லாக் விளக்கு பச்சையானதும் கிளம்பிவிடாதீர்கள். சாட்டிலைட் எண்ணிக்கையும் சிக்னல் அளவும் பழைய நல்ல குறிப்போடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். 45 இருந்த இடத்தில் 36 வந்து லாக் ஆகியிருந்தால் கோளாறு இன்னும் அங்கேயே இருக்கிறது, அடுத்த மழையில் திரும்பும். கீழே ஒவ்வொரு வகையிலும் ஒரு கருவியை, அதாவது ஒரு ரிலே, ஒரு சர்வர், ஒரு பிடிபி கருவி, நேரில் பார்த்து நேரத்தை உறுதி செய்யுங்கள். பிறகு அலாரத்தை அழியுங்கள். ஸ்காடாவிலும் அழிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உற்பத்தியாளருக்கு அனுப்ப வேண்டி வந்தால்: ரீஸ்டார்ட்டுக்கு முன் எடுத்த லாக் ஃபைல், முன்பக்கப் போட்டோ, ஃபர்ம்வேர் பதிப்பு, ஆன்டெனா மாடல், கேபிள் வகையும் நீளமும், கழற்றி மாட்டியபோது அலாரம் எப்படி மாறியது என்ற குறிப்பு. இவை எல்லாவற்றையும் முதல் மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள். இல்லையென்றால் "ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?" என்ற பதில்தான் முதலில் வரும்.